திரும்பத் திரும்ப வரும் கட்டிக்குச் சூடு காரணமல்ல

கட்டி என்றால் தோட்டத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "சூட்டுக் கட்டிதானே, எண்ணெய் தேச்சுக் குளி, ரெண்டு நாள்ல உடைஞ்சிடும்" என்பார்கள். பெரும்பாலும் அப்படித்தான் உடைந்தும் போகிறது. இந்த மாதம் நாம் பேசப்போகிற கட்டி வேறு. உடைந்து, சீழ் வடிந்து, ஆறி, "அப்பாடா, தொல்லை விட்டது" என்று நினைக்கிறபோது அதே கக்கத்தில், அதே தொடை இடுக்கில் மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்கிறதே, அந்தக் கட்டி.

சூடு, சூடு என்று சொல்லியே இதை நாம் கவனிக்காமல் விட்டிருக்கிறோம். திரிங்காப்பில் விடியற்காலை வாயைத் திறந்தால் புகை வருகிறது. ஸ்வெட்டர் போட்டு, தலையில் துண்டு கட்டி, காதை மூடிக்கொண்டு பெரட்டுக்குப் போகிறோம். கீழ்நாட்டில் வெயிலில் பால்மரம் சீவுகிறவர்களுக்குச் சூடு என்று சொன்னால் ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்ளலாம். கேமரன் மலைக் குளிரில் இருப்பவர்களுக்கும் அதே இடத்தில் அதே கட்டி வருகிறது என்றால், காரணம் வேறே எங்கேயோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இருக்கிறது. இந்த வியாதிக்கு ஒரு பெயரும் இருக்கிறது. வாயில் நுழையாத பெயர்தான்: ஹைட்ராடெனிடிஸ் சப்புராட்டிவா. டாக்டர்கள் சுருக்கமாக எச்.எஸ். என்பார்கள். நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம்.

இந்தப் பெயரை நாம் வைக்கவில்லை, நம் காலத்தில் வைக்கவும் இல்லை. 1839-ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரத்து டாக்டர் வெல்ப்போ இந்த வியாதியை விவரித்து எழுதினார். 1854-இல் வெர்நெய் என்ற இன்னொரு பிரெஞ்சு டாக்டர், இது வியர்வைச் சுரப்பியில் வருகிற வீக்கம் என்று கருதினார். அந்தக் கருத்துதான் பெயராகவும் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் நன்றாக ஆராய்ந்து பார்த்தபோது கோளாறு தொடங்குவது வியர்வைச் சுரப்பியில் இல்லை, மயிர்க்காலில் என்று தெரிந்தது. பெயர் மட்டும் பழையபடியே இருக்கிறது.

லயத்துக்குப் பின்னால் ஓடும் கால்வாயை நினைத்துப் பாருங்கள். ஓர் இடத்தில் குப்பை அடைத்துக்கொண்டால் தண்ணீர் என்ன செய்யும்? தேங்கும், பிதுங்கும், கடைசியில் கரையை உடைத்துக்கொண்டு பக்கத்து மண்ணில் பாயும். மயிர்க்காலிலும் அதுதான் நடக்கிறது. அதன் வாய் அடைபடுகிறது. உள்ளே இருப்பது தேங்கி, வீங்கி, தோலுக்கு அடியிலேயே வெடிக்கிறது. வெடித்ததும் உடம்பின் காவல் சக்தி எதிரி வந்துவிட்டான் என்று எண்ணிப் பாய்கிறது. தேவைக்கு மேல் பாய்கிறது. அந்தச் சண்டைதான் நாம் பார்க்கிற வீக்கம், சிவப்பு, நெருப்பாய்க் கொதிக்கிற வலி, சீழ் எல்லாம். இப்படிப் பல தடவை நடந்தால் தோலுக்கு அடியில் ஒரு கட்டிக்கும் இன்னொரு கட்டிக்கும் நடுவே பொந்து விழுகிறது. பிறகு ஒரு வாயை மூடினால் இன்னொரு வாயில் வடியும்.

இதனால்தான் இது வருகிற இடங்களும் குறிப்பிட்ட இடங்களாக இருக்கின்றன. கக்கம், தொடை இடுக்கு, பிட்டம், பெண்களுக்கு மார்புக்குக் கீழே உள்ள மடிப்பு, சிலருக்குப் பாவாடை நாடா இறுகுகிற இடுப்பு. தோலோடு தோல் உரசுகிற இடங்கள். பெரும்பாலும் வயதுக்கு வந்த பிறகு, இருபதை ஒட்டிய வயதில் தலைகாட்டும். அதுவும் தேயிலை வேலைக்குக் கை சேர்கிற வயது.

அழுக்கால் வருவதில்லை. இதை இரண்டு தடவை எழுதினாலும் தப்பில்லை: அழுக்கால் வருவதில்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டிக்கொள்வதும் இல்லை. ஒரே படுக்கையில் படுக்கலாம், பிள்ளையைத் தூக்கலாம், ஒரே வாளியில் துணி துவைக்கலாம்.

ஏழு வருஷம் எங்கே போகிறது?

ஓர் அக்காவை நினைத்துக்கொள்வோம். உண்மையில் உள்ள ஒருவரைச் சொல்லவில்லை, விளங்குவதற்காக மட்டும். பத்தொன்பது வயதில் இடது கக்கத்தில் ஒரு கட்டி வருகிறது. கத்தரி பிடித்துக் கொழுந்து வெட்டுகிற கை, தூக்கினாலும் வலி, இறக்கினாலும் வலி. அம்மா வெங்காயத்தைச் சுட்டு வைத்துக் கட்டுகிறார். உடைகிறது, ஆறுகிறது. நாலு மாதம் கழித்து மறுபடி. இந்தத் தடவை கிளினிக்குப் போகிறார். ஐந்து நாளைக்கு மாத்திரை. குறைகிறது. அடுத்த தடவை வேறு கிளினிக், வேறு டாக்டர். அவர் கீறிச் சீழை எடுத்துக் கட்டுப் போடுகிறார். அதற்கும் அடுத்த தடவை தொடை இடுக்கில். அதை யாரிடமும் காட்டவில்லை.

இந்த டாக்டர்கள் எல்லாரும் தப்பு செய்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் ஒரு கட்டியைத்தான் பார்த்தார்கள். அந்த ஒரு கட்டிக்கு உள்ள வைத்தியத்தைச் செய்தார்கள். எல்லாக் கட்டிகளையும் பார்த்தவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்கிறார், அந்த அக்கா. அவர் வாயைத் திறந்து முழுக் கதையையும் ஒரே டாக்டரிடம் சொல்லாதவரை இந்த வியாதிக்குப் பெயர் கிடைக்காது.

பல நாட்டுத் தோல் டாக்டர்கள் சேர்ந்து கணக்கெடுத்து 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. எச்.எஸ். தலைகாட்டிய நாளிலிருந்து அதன் பெயர் தெரிய வருவதற்குச் சராசரியாக 7.2 ஆண்டுகள் ஆகின்றனவாம். சோரியாசிஸ் என்கிற செதில் படை வியாதிக்கு அதே கணக்கில் 1.6 ஆண்டுகள்தான். செதில் படை கையில், முட்டியில், தலையில் வருகிறது, ஊரே பார்க்கிறது. எச்.எஸ். வருகிற இடத்தை நாம் ஊருக்குக் காட்டுவதில்லை. வித்தியாசத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நம்மிடையே இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. தொடை இடுக்கில் கட்டி வந்தால் 'அரையாப்பு' என்று ஒரு சொல் இருக்கிறது. பெரியவர்கள் வாயில் அந்தச் சொல் வந்தாலே அதற்குப் பின்னால் ஒரு சந்தேகமும் வரும், எங்கேயோ கெட்ட சகவாசம் என்று. கல்யாணமாகாத பெண் எப்படி வாயைத் திறப்பாள்? ஆண்பிள்ளைகளும் அப்படித்தான். ஒருவன் நொண்டிக்கொண்டு நடந்தால், "என்னடா, என்ன ஆச்சு?" என்று தண்டல் கேட்கிறார். "ஒண்ணுமில்லேண்ணே, கால் பெசகிடிச்சு" என்கிறான். பால்வினை நோயினால் தொடை இடுக்கில் நெறி கட்டுவது உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அது வேறு, இது வேறு. எச்.எஸ்.-க்கும் ஒருவருடைய நடத்தைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கன்னிப் பெண்ணுக்கும் வரும், சாமியாருக்கும் வரும்.

வேறு யாருக்கு வந்தது என்று கேட்டால் ஒரு பெரிய பெயரைச் சொல்லலாம். கார்ல் மார்க்ஸ். கொள்கை பேச வரவில்லை, கட்டியைப் பற்றித்தான் பேச்சு. 1860-களில் அவருக்குக் கக்கத்திலும் தொடை இடுக்கிலும் பிட்டத்திலும் கட்டிகள் ஓயாமல் வந்தன. உட்கார்ந்து எழுத முடியாமல் தவித்தார். ஆர்செனிக் மருந்து சாப்பிட்டார். பொறுக்க மாட்டாமல் ஒரு தடவை சவரக் கத்தியை எடுத்துத் தானே கீறிக்கொண்டதாக நண்பர் எங்கெல்சுக்கு எழுதியிருக்கிறார். 1867-இல் 'மூலதனம்' முதல் பாகம் வெளிவந்த காலமெல்லாம் இந்த அவஸ்தையோடுதான். சாம் ஷஸ்டர் என்கிற பிரிட்டிஷ் தோல் டாக்டர் அந்தக் கடிதங்களை எல்லாம் படித்துப் பார்த்து, இவை சாதாரணக் கட்டிகள் அல்ல, எச்.எஸ். என்று 2007-இல் ஒரு மருத்துவ ஏட்டில் எழுதினார். இறந்தவரைச் சோதித்துப் பார்க்க முடியாது, ஆதலால் இது கணிப்புதான். ஆனால் வந்த இடங்களையும் திரும்பத் திரும்ப வந்த விதத்தையும் வைத்து அவர் கணித்தார். நம் டாக்டரும் அதையேதான் கேட்பார்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியது

இதைக் கண்டுபிடிக்க ரத்தச் சோதனை இல்லை, எக்ஸ்ரே இல்லை. கண்ணால் பார்ப்பதும் காதால் கேட்பதும்தான் சோதனை. டாக்டர் மூன்று விஷயம் தெரிந்துகொள்ளப் பார்ப்பார். எப்படிப்பட்ட கட்டி: ஆழத்தில் முண்டு போல வருகிறதா, பொந்து வைத்து வடிகிறதா, கயிறு மாதிரித் தழும்பு விழுந்திருக்கிறதா, இரட்டைக் கண் வைத்த கரும்புள்ளிகள் உண்டா. எந்த இடம்: மேலே சொன்ன மடிப்புகள்தானா. எத்தனை தடவை: ஆறு மாதத்துக்குள் இரண்டு தடவையாவது வந்திருக்கிறதா. மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் பெரும்பாலும் முடிவு தெரிந்துவிடும்.

முதல் இரண்டை டாக்டர் பார்த்துக்கொள்வார். மூன்றாவதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். வீட்டுச் சுவரில் நாள்காட்டி தொங்குகிறதல்லவா? கட்டி வருகிற நாளில் அந்தத் தேதியில் ஒரு வட்டம் போடுங்கள். எந்த இடம் என்று ஓர் எழுத்து, 'க' என்றால் கக்கம், 'தொ' என்றால் தொடை. ஆறு மாதம் கழித்து அந்தத் தாள்களைக் கிழித்து எறியாமல் டாக்டரிடம் எடுத்துப் போங்கள். பெண்கள் வீட்டுக்கு விலக்கான நாளையும் குறித்து வைத்தால் நல்லது. அதை ஒட்டிக் கட்டி அதிகமாகிறது என்று பலர் சொல்கிறார்கள்.

இன்னொரு சங்கடம் உண்டு. டாக்டர் கொடுக்கிற தேதிக்குப் போகும்போது கட்டி உடைந்து ஆறிப் போயிருக்கும். "எங்கே காட்டுங்க" என்றால் காட்டுவதற்குத் தழும்புதான் இருக்கும். அதற்குக் கைப்பேசி உதவும். வீங்கியிருக்கும்போது ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்கமாக இருந்தால் முகம் தெரியாமல், அந்த இடம் மட்டும். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதில் தப்பில்லை. கிடைத்தால் பார்ப்பார்கள், இல்லையென்றால் பக்கத்தில் நர்ஸ் ஒருவர் இருக்கும்படி கேளுங்கள்.

வேறு வியாதிகளும் இதே இடங்களில் வரும், அவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வட்டம் வட்டமாக அரித்தால் அது படர்தாமரை. மருந்து அடிக்கிறவர்களுக்குக் கையிலும் கழுத்திலும் முகத்திலும் எரிச்சலோடு தடித்தால் அது பூச்சி மருந்து பட்டதால் இருக்கலாம். அதற்கு வழி வேறு, கையுறையும் குளியலும் முதலில். நிஜமாகவே கவலைப்பட வேண்டியது காசநோய். கக்கத்திலோ கழுத்திலோ நெறி கட்டி, வலி அதிகமில்லாமல் பெரிதாகி, உடைந்து வடிந்துகொண்டே இருந்தால், கூடவே மாலையில் காய்ச்சல், உடம்பு இளைப்பு, இருமல் இருந்தால், ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அது காற்றில் பரவுகிற வியாதி, குணமாகிற வியாதியும்கூட. முதுகிலோ பிடரியிலோ பல கண் வைத்த பெரிய கட்டி வந்தால் உடனே சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள்.

சர்க்கரை என்றதும் நினைவு வருகிறது. 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. எச்.எஸ். உள்ளவர்களுக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, உடல் பருமன் ஆகியவை கூடவே இருப்பது சகஜம். மலேசியத் தோல் டாக்டர்கள் செய்த ஆய்வுகளிலும் எச்.எஸ். நோயாளிகளில் இந்தியர்களின் பங்கு, மக்கள் தொகையில் நமக்குள்ள பங்கைவிட மிக அதிகமாக இருந்தது. நம் ஜனங்களுக்கு இந்த வியாதி புதிதும் இல்லை, அபூர்வமும் இல்லை, பேசாமல் இருக்கிறோம், அவ்வளவுதான். குடும்ப வழியாகவும் வரும். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சொந்தத்தில் இன்னொருவருக்கும் இருக்கும். 2010-இல் சீனாவில் சில குடும்பங்களைச் சோதித்து இதற்குக் காரணமான மரபணுக் கோளாற்றையே கண்டுபிடித்தார்கள். ஆகவே, "உங்கம்மாவுக்கு, சித்தப்பாவுக்கு இப்படிக் கட்டி வருமா?" என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் தோட்டத்து டிரெசரிடம் மாதம் ஒரு தடவை கட்டுக் கட்டிக்கொள்ளப் போன பாட்டி ஒருவர் எந்தக் குடும்பத்திலாவது இருந்திருப்பார்.

புகை பிடிப்பவர்களிடம் இது அதிகம். பிடித்தவர்கள் எல்லாருக்கும் வரும் என்றோ, பிடிக்காதவர்களுக்கு வராது என்றோ இல்லை.

திரிங்காப்பிலிருந்து எங்கே போவது?

முதலில் அரசாங்கக் கிளினிக், அல்லது தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனை. கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறையில் கியா பார்ம் பக்கம் வண்டிகள் நகராது என்பது உங்களுக்கே தெரியும். வார நாளில், அதுவும் காலையிலேயே கிளம்பினால்தான் காரியம் நடக்கும்.

அங்கே போய், "கட்டி வந்திருக்கு, மருந்து குடுங்க டாக்டர்" என்று சொன்னால் அந்தக் கட்டிக்கு மருந்து கிடைக்கும். "டாக்டர், இது போன வருஷத்திலிருந்து ஆறாவது தடவை. எல்லாம் இதே ரெண்டு இடத்திலதான். தோல் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கணும், சீட்டு எழுதிக் கொடுங்க" என்று சொன்னால் பேச்சே மாறும். மலாயில் சொல்ல வராதவர்கள் பிள்ளையிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். நாம் பஹாங் மாநிலத்தில் இருந்தாலும் தோல் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரி ஈப்போதான் கிட்டே, ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய் இறங்கினால் போய்விடலாம். அங்கே எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக் குடிமக்களுக்கு 5 வெள்ளி. வண்டிச் சத்தமும் ஒரு நாள் வேலையும்தான் செலவு, அது சின்னச் செலவு இல்லை என்பதும் தெரியும்.

வைத்தியம் என்ன?

அடியோடு அகற்றுகிற மருந்து இன்னும் வரவில்லை. இதை மறைத்துப் பேசினால் இரண்டாம் மாதத்திலேயே மருந்தை விட்டுவிடுவீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். அடக்கி வைக்க முடியும். பலருக்கு நன்றாகவே அடங்குகிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. பொந்து விழுவதற்கு முன்னே தொடங்கினால் பொந்து விழாமல் தடுக்கலாம்.

டாக்டர்கள் வியாதியை மூன்று படியாகப் பிரிப்பார்கள். 1989-இல் ஹர்லி என்ற டாக்டர் வகுத்த முறை. கட்டி மட்டும் இருந்து, பொந்தோ தழும்போ இல்லையென்றால் முதல் படி. அங்கங்கே பொந்தும் தழும்பும் இருந்தால் இரண்டாவது. அந்த இடம் முழுதும் ஒன்றோடொன்று பின்னிப்போனால் மூன்றாவது.

முதல் படியில் கிருமி கொல்லும் சோப்பு நீரால் கழுவுவது, கிளிண்டாமைசின் தடவுவது. கொஞ்சம் கூடினால் டாக்சிசைக்ளின் மாதிரி மாத்திரைகள், சில வாரக் கணக்கில், பெரும்பாலும் மூன்று மாதம். ஐந்து நாள் மாத்திரைக்குப் பழகிப்போன நமக்கு இது நீளமாகத் தெரியும். இந்த மாத்திரைகள் இங்கே கிருமியைக் கொல்வதைவிட வீக்கத்தை அடக்குவதற்காகவே கொடுக்கப்படுகின்றன. கட்டி குறைந்ததும் நிறுத்திவிட்டால் பாதி வைத்தியம் வீண். கர்ப்பமாக இருப்பவர்கள், ஆகலாம் என்று நினைப்பவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், டாக்சிசைக்ளின் அவர்களுக்கு ஆகாது. சிலருக்கு ரிபாம்பிசினும் கிளிண்டாமைசினும் சேர்த்துக் கொடுப்பார்கள். அப்போது மூத்திரம் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரை சரியாக வேலை செய்யாது. இதை டாக்டர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறக்காதீர்கள்.

கடுமையான வியாதிக்கு ஊசி மருந்து இருக்கிறது. அடாலிமுமாப் என்ற ஊசிக்கு 2015-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த வியாதிக்கென்று அனுமதி கிடைத்தது. 2023-இல் செகுகினுமாப் வந்தது. உடம்பின் காவல் சக்தி தேவைக்கு மேல் பாய்வதை இவை மட்டுப்படுத்துகின்றன. விலை அதிகம், கேட்ட எல்லாருக்கும் உடனே கிடைத்துவிடுவதும் இல்லை. போடுவதற்கு முன்னால் மறைந்திருக்கும் காசநோய் உண்டா என்று சோதிப்பார்கள்.

கத்தி வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் இதில்தான் ஏமாந்து போகிறார்கள். கீறிச் சீழ் எடுத்தால் வலி உடனே இறங்கும், அந்த மட்டும் சரி. ஆனால் உள்ளே இருக்கிற பை அப்படியே இருக்கும். அதே இடத்தில் மறுபடி வரும். வந்து வந்து கீறிக்கொண்டே இருந்தால் தழும்பின் மேல் தழும்பு விழுந்து கக்கம் இறுகி, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போகிறது. எச்.எஸ். என்று தெரிந்த பிறகு செய்கிற அறுவை வேறு: பொந்தின் மேல்கூரையைத் திறந்து அடியிலிருந்து ஆறவிடுவது, அல்லது கெட்டுப்போன தோலை முழுதாக எடுத்துவிடுவது. ஆற வாரக் கணக்கில் ஆகும். அந்த இடத்தில் திரும்ப வருவது குறைவு. ஆகவே, "கீறிடலாமா?" என்று கேட்டால், "இது திரும்பத் திரும்ப வருது டாக்டர், கீறினா சரியாப் போயிடுமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

வீட்டில் பிதுக்காதீர்கள். பிதுக்கினால் சீழ் வெளியே வருகிற அளவுக்கு உள்ளேயும் போகிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் சோப்பும் குழைத்துப் பத்துப் போடுவது, எருக்கம்பால் வைப்பது எல்லாம் ஏற்கெனவே ரணமான தோலைப் பொசுக்கும். வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுக்கலாம், இதமாக இருக்கும். சீழ் வடிகிற இடத்தில் சுத்தமான துணி வையுங்கள், ஒட்டும் பிளாஸ்டரைத் தோலோடு இழுத்து ஒட்டாதீர்கள். பிட்டத்திலும் ஆசனவாய்ப் பக்கத்திலும் வருஷக் கணக்காக ஆறாமல் இருக்கும் புண் அபூர்வமாகப் புற்றாக மாறுவதுண்டு. அப்படிப்பட்ட புண் இருப்பவர்கள் வெட்கத்தை விட்டுவிட்டு இந்த மாதமே காட்டுங்கள்.

உடுப்பு விஷயம். தேயிலைக் காட்டில் பனிக்காகவும் ஈரத்துக்காகவும் இடுப்பில் பிளாஸ்டிக் படங்கு கட்டுகிறோம். அதன் முடிச்சு இறுகுகிற இடமும், பை வார் கக்கத்தை அறுக்கிற இடமும், இறுக்கமான உள்ளாடையின் விளிம்பும் கட்டிக்குத் தோதான இடங்கள். வாருக்கு அடியில் மெத்தென்ற பருத்தித் துணி சுற்றலாம், முடிச்சைக் கொஞ்சம் இடம் மாற்றிப் போடலாம். காய்கறித் தோட்டத்தில் பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் வேலை செய்கிறவர்களுக்கு வியர்வை இன்னும் அதிகம், மாற்று உள்சட்டை ஒன்று கையோடு இருக்கட்டும். கட்டி இருக்கும்போது அந்த இடத்தில் சவரக் கத்தி வேண்டாம். பருமன் உள்ளவர்கள் எடையைக் குறைத்தால் பலருக்கு வியாதியும் குறைகிறது. சிகரெட்டும் அப்படியே.

வலியைவிட இன்னொன்று மனசை அரிக்கும். வாடை வருமோ, சட்டையில் கறை தெரியுமோ என்று பயந்து கோவில் திருவிழாவுக்குப் போகாதவர்கள் உண்டு. பெண்சாதி பக்கத்தில் வரும்போது நகர்ந்து படுக்கிற கணவன் உண்டு. "என்னங்க, என்மேல கோபமா?" என்று அவள் கேட்பாள், அவனுக்குச் சொல்ல வராது. தூக்கமின்மையும் சோர்வும் எதிலும் பிடிப்பில்லாமையும் இந்த வியாதிக்காரர்களிடம் அதிகம் என்று ஆய்வுகளே சொல்கின்றன. அதையும் டாக்டரிடம் சொல்லலாம், அதற்கும் உதவி உண்டு. வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: "ஒழுங்காக் குளிச்சா ஏன் வருது?" என்று கேட்காமல் இருப்பது.

எம்.சி. பற்றி

கக்கத்தில் கட்டியோடு கத்தரி பிடிக்க முடியாது, மெஷின் இழுக்கவும் முடியாது. இருந்தாலும் பேர் போய்விடுமே என்று வேலைக்கு வருகிறார்கள். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு: இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர்களுக்கு வருஷத்தில் 14 நாள், இரண்டு முடிந்து ஐந்து ஆகாதவர்களுக்கு 18, ஐந்தும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 22. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தால் 60 நாள். 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்த 60 தனிக் கணக்கு, மேலே சொன்ன நாள்களை அதிலிருந்து கழிப்பதில்லை. கிலோ கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கும் இது உண்டு.

நிர்வாகம் நியமித்த டாக்டர் இருந்தால் முதலில் அவரிடம் காட்ட வேண்டும். அப்படி ஒருவர் இல்லை என்றாலோ, நேரத்துக்கும் தூரத்துக்கும் எட்டாத இடத்தில் இருந்தாலோ, பதிவுபெற்ற வேறு டாக்டர் அல்லது அரசாங்க டாக்டர் கொடுக்கிற எம்.சி. செல்லும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சொல்லாமல் நின்றதாக எழுதிவிடலாம். தண்டலிடம் வாயால் சொல்வதோடு நிற்காமல் கிராணிக்குக் கைப்பேசியில் எம்.சி.-யின் படத்தையும் அனுப்பிவிடுங்கள். ஈப்போவுக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிற நாளில் சில சமயம் வந்து போன நேரத்தைக் காட்டும் சீட்டு மட்டும் கொடுப்பார்கள். அது எம்.சி. ஆகாது. கட்டியோடு வேலை செய்ய முடியாத நிலை என்றால் அங்கேயே, அந்த அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் கேட்டு வாங்குங்கள். எந்த வியாதி என்று கிராணியிடம் நீங்கள் விளக்கிச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

பக்கத்து லயத்தில் இருக்கிற வங்காளதேசத்து, நேப்பாளத் தொழிலாளர்களுக்கும் இந்த விடுப்புச் சட்டம் பொருந்தும். கிளினிக் கட்டணம் அவர்களுக்கு ஒரு வெள்ளி இல்லை, பல மடங்கு. அதனாலேயே பிதுக்கிக்கொண்டு படுத்திருப்பார்கள். அவர்களோடு ஜோடி சேர்ந்து மெஷின் இழுக்கிறவர்கள் இந்த நாள் கணக்கை அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.